வண்டிக்காரன் பங்கு

தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், என்னைக் கொண்டுவந்து சேர்த்த பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தது.

“என்னாங்க சார், ஏதாச்சும் வுழுந்துடுச்சுங்களா?” என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“இல்ல தம்பி, பிரேக் கருகுற வாசம் வருது. வழியெல்லாம் வந்துச்சு.”

“அது அந்தக் கடையில போண்டா கருகுதுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது போண்டா இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து லாரி பிரேக்கோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். மலேசியாவில் ஒரு கடலோரப் பட்டணத்தில் சின்னதாக ஒரு பட்டறை. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே நின்று பேசுகிறவர்கள் வாயிலிருந்து படித்ததுதான் அதிகம். யார் ஒரு சொலவடை சொன்னாலும் மனசில் முடிந்துகொள்வேன். எந்த வண்டியில் ஏறினாலும் என் வலது கால் தானாக ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். “உங்க பக்கத்துல உக்காந்து போறதுக்கு நடந்தே போயிடலாம்” என்பாள் என் மனைவி.

அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் பட்டணத்தில் டிராம் ஓடியது. கீழே தண்டவாளம், தலைக்கு மேலே மின்கம்பி. என் அம்மாவின் அப்பா அதில் டிரைவர். ஒரு திருவிழா நாளின் சாயங்காலம், மலையடிவாரக் கோவிலிலிருந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்த டிராம் நிற்கவில்லை. வளைவில் கவிழ்ந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழாட்கள். ஊரார் கூடி இடுகாட்டில் அவர்களை ஒரே வரிசையாகப் புதைத்தார்கள். தாத்தாவும் அதில்தான் செத்தார். ஆனால் அவரை வரிசையில் சேர்க்கவில்லை. வேலி ஓரமாக, பலா மரத்தடியில், தனியாக. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். குடித்திருந்தான் என்றார்கள் சிலர். செத்தவன் எழுந்து வந்தா சாட்சி சொல்வான்?

அம்மா அப்போது கைக்குழந்தை. விவரம் தெரிந்த நாளிலிருந்து, இடுகாட்டுக்குப் போனால் அந்த வரிசையில் ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் தன் அப்பனிடம் போவாள்.

இப்போது அந்த இடுகாட்டின் நடுவே சாலை வரப் போகிறது. கல்லறைகளை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்கயாவது எங்கப்பாவ வரிசையில சேத்துடுடா” என்றாள். இடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்கள், செத்தவர்களின் வாரிசுகள் சரி என்றால் எங்களுக்கும் சரி என்றார்கள். தேடித் தேடிக் கேட்டோம். பல பேருக்கு வாரிசே இல்லை. இருந்தவர்கள் சம்மதித்தார்கள். மிச்சம் ஒரே ஒருவர். அவர் கல்லில் இப்படி வெட்டியிருக்கிறது: சின்னப்பையன், இண்டூர், சேலம் ஜில்லா. அந்த இண்டூர் இப்போது தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். போனில் பேசிக் கேட்கிற காரியமா இது?

முதல் நாள் சாயங்காலமே இண்டூர் போய்விடலாம் என்று பரபரத்தேன். வயிறு விடவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டலில் பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாயின் பெரியப்பா மகன் போலத்தான் இருந்தது. சால்னாதான் காதில் புகை வரவைத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பாத்திரக் கடை வைத்திருக்கிற பாய். என் பேச்சை வைத்தே வெளிநாடு என்று கண்டுபிடித்துவிட்டார்.

“யாரைப் பாக்க வந்தீங்க?”

“சின்னப்பையன்னு ஒருத்தரோட வாரிச. அவரு செத்து எம்பது தொண்ணூறு வருசம் ஆகுது.”

பாய் கையிலிருந்த பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எண்ணெயத் தேச்சிக்கிட்டு மண்ணுல உருண்டாலும் ஒட்டறதுதாங்க ஒட்டும். போங்க, போயி உருளுங்க. ஒட்டுதா பாக்கலாம்.”

மறுநாள் காலை உருளக் கிளம்பினேன்.

டவுன் பஸ். எங்கள் ஊரில் பஸ் என்றால் குளிர்சாதனமும் அமைதியும். பக்கத்து ஆள் செத்துக் கிடந்தாலும் தெரியாது. இங்கே ஏறி உட்காருவதற்குள் என் மடியில் ஒரு கத்தரிக்காய்ப் பையும், காலடியில் ஒரு கோழிக்கூடையும், காதில் இரண்டு குடும்பத்துச் சண்டையும் வந்து சேர்ந்துவிட்டன. சொர்க்கம். ஆனால் பின் பக்கத்து இடது சக்கரத்தில் ஒரு கிறீச்சென்ற ஒலி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வலது கால் தரையை உதைத்தது. கோழிதான் பாவம்.

இண்டூருக்குச் சற்று முன்னால் சாலையோரம் ஒரு புளியமரம். அதனடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதற்கு முன்னால் புத்தம் புதிய மினி லாரி ஒன்று மாலை போட்டுக்கொண்டு நின்றது; சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். என்ன சாமி என்று கத்தரிக்காய்ப் பைக்காரரிடம் கேட்டேன்.

“வேடியப்பனுங்க. அந்தக் காலத்துல புலியோட, எதிரியோட சண்ட போட்டு செத்தவங்களுக்குக் கல்லு நடுவாங்கல்ல, அந்த மாதிரி. வண்டி வாங்கினா மொதல்ல இங்கதான் வரணும். இவுரு பாத்துக்குவாரு, ஒரு சக்கரமும் சறுக்காது.”

சறுக்காத சக்கரம் என்றதும் நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

இண்டூர் டீக்கடையில் விஷயத்தைப் போட்டேன், பாதி மட்டும். மலேயாவில் செத்துப்போன சின்னப்பையன் குடும்பம் எங்கே இருக்கிறது? டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

“இந்த ஊர்ல ஒரு கல்ல வுட்டெறிஞ்சா நாலு சின்னப்பையன் மேல படுங்க. எந்தச் சின்னப்பையன்னு சொல்லுங்க.”

“டிராம் வண்டி கவுந்து செத்தவரு.”

“ஓ, அவுரா!” என்றார் அவர், ஏதோ நேற்றுப் பார்த்துப் பேசியவரைப் பற்றிச் சொல்வதுபோல. “அவுரு பேரன் முருகேசன் இங்கதான் இருக்கறான். லாரில போயிருக்கான், ஆந்திரா லோடு. பேத்தி மாதம்மாவ ஏரியூர்ல கட்டிக் குடுத்துருக்குது. நீங்க யாருங்க அவங்களுக்கு?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விமானத்திலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது, “தெரிஞ்சவங்க” என்பதுதான். டீ நன்றாகத்தான் இருந்தது. பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். “உக்காருங்க சார், அவன் நாளைக்கு வந்துருவான்” என்றார்கள். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அடுத்த பஸ் பென்னாகரம், அங்கிருந்து ஏரியூர்.

பென்னாகரம் தாண்டியதும் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேலிக்காத்தான் நிழலில் ஒதுங்கினார்கள். நான் சட்டையைக் கழற்றிக் கிளீனரோடு சேர்ந்து ஸ்டெப்னி மாற்றினேன். டிரைவருக்கு ஒரே ஆச்சரியம். “சார், டிக்கெட் எடுத்துட்டு வேலையும் செய்யறீங்களே!” சும்மா இருந்தால்தான் எனக்குக் கஷ்டம் என்றேன். சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டேன், அதைச் சொல்லவில்லை. லைனிங் நன்றாகவே இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு பயணத்தில்தான் என் கால் சும்மா இருந்தது.

ஏரியூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். பஸ்ஸில் வந்த அம்மாள் ஒருவர், “மாதம்மா வூடா? எங்கூட வாங்க” என்று கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளாமல் போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மாதம்மாள் வாசலில் தார்ப்பாய் விரித்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. எழுந்து, தண்ணீர் கொடுத்து, நான் யார் என்றே கேட்காமல், “சாப்பிட்டீங்களாண்ணா?” என்றார். பொழுது உச்சி தாண்டியிருந்தது. உள்ளே போய் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தட்டில் கொண்டுவந்தார்.

கையைக் கழுவிக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. தின்றுவிட்டுச் சொல்வதா, சொல்லிவிட்டுத் தின்பதா? தின்றுவிட்டுச் சொன்னால் ஏமாற்றியதாகும். சொன்னேன். டிராம், இறக்கம், வரிசை, வேலியோரம், அம்மா, சாலை, எல்லாம். “அந்த டிராம ஓட்டுனது எங்க தாத்தா” என்று முடித்தேன்.

மறுபடி உரிக்க எடுத்த கடலை அவர் கையில் அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

“களி ஆறிப்போச்சுன்னா கல்லாட்டம் ஆயிடும். மொதல்ல தின்னுங்க.”

வாயில் போட்டு மெல்லத் தொடங்கினேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண் சிரித்துவிட்டார். “அய்ய, களிய மெல்லுறாரு பாரு! முழுங்கணுங்க. மென்னா பல்லுக்கு வேலை, முழுங்குனா வயித்துக்கு வேலை.” முழுங்கினேன். அவரைக்கொட்டைக் குழம்பு மட்டும் இல்லையென்றால் தொண்டையிலேயே தங்கியிருக்கும். எங்கள் ஊரில் சோற்றைச் சுற்றிப் பத்து வகை இருக்கும். இங்கே ஒரு உருண்டை, ஒரு குழம்பு, அதற்குப் பிறகு ராத்திரி வரை பசி என்கிற பேச்சே இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் மாதம்மாள் அண்ணனுக்குப் போன் போட்டார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. முதலில் லாரி எஞ்சின் சத்தம். விஷயத்தைச் சொன்னபோது எஞ்சினை நிறுத்தினார் போலிருக்கிறது. பிறகு, “நாளைக்கு அமாவாசை. கல்லுக்குப் படையல் இருக்குதில்ல, அங்க வரச் சொல்லு. நேர்ல பாத்துக்கறேன்” என்றது குரல்.

பாத்துக்கறேன் என்ற சொல்லுக்கு இரண்டு எடை உண்டு. எந்த எடையில் சொன்னார் என்று யோசித்து யோசித்தே தருமபுரி வந்து சேர்ந்தேன். அறையில் நாற்காலியும் கட்டிலும் இருந்தன. இரண்டிலும் நான் நிலையாக உட்காரவில்லை.

மூன்றாம் நாள் காலை இண்டூர் நிறுத்தத்தில் மாதம்மாள் எனக்கு முன்பே வந்து நின்றார். இடுப்பில் பொங்கல் பானை, கையில் வாழையிலைக் கட்டு. பானையை நான் வாங்கிக்கொண்டேன். வந்த வழியே திரும்பி நடந்தோம். புளியமரம் தெரிந்தது. மஞ்சள் பூசிய அதே கல்.

“இதுவாம்மா?”

“இதுதாண்ணா எங்க அப்பாரு, அப்பாவப் பெத்தவரு. டிராமு வேடியப்பன்னு சொல்லுவாங்க. பொணம் வரலைல்ல, அதான் அவரு சம்சாரம், எங்க ஆயா, கல்லு நட்டுது.”

வண்டியில் செத்தவரிடம்தான் ஊரெல்லாம் வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறது! சிரிப்பு வந்தது. பானையைக் கீழே வைத்துவிட்டுக் கல்லுக்கு முன்னால் குந்தினேன்.

கல்லில் ஒரு ஆள், கையில் வாள். எதிரே ஒரு மிருகம். புலியும் இல்லை, யானையும் இல்லை. நெற்றியில் ஒற்றைக் கண். தலைக்குப் பின்னால் சாய்ந்த ஒற்றைக் கொம்பு. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரங்கள்.

மாதம்மாள் கதையைச் சொன்னார். சின்னப்பையன் கப்பலேறியபோது அவர் மனைவி மாசமாக இருந்தார். பிள்ளை தவழ்கிற காலத்தில், கூடப் போன ஆள் ஒருவர் அதே டிராமில் வந்து, காலொடிந்து, உயிரோடு ஊர் திரும்பினார். மாடு இல்லாமல் குதிரை இல்லாமல் ஓடுகிற வண்டி, நெற்றியில் ஒற்றைக் கண்ணு, மண்டையில் கொம்பு, அந்தக் கொம்பு வானத்துக் கம்பியை உரசினால் நெருப்புப் பறக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, கல் தச்சர் உளியை ஓட்டியிருக்கிறார். டிராமைப் பார்த்தவர் யார் இந்தப் பக்கத்தில்? மிருகம் என்றே அடித்துவிட்டார். கல் நட்டால் எதிரே சண்டை போட ஒன்று வேண்டும். கையில் வாள் வேண்டும். மூட்டை தூக்கிய மனிதன் கையில் வாளைக் கொடுத்தாயிற்று.

ஒற்றைக் கண் டிராமின் முன்விளக்கு. கொம்பு, மின்கம்பியைத் தொடுகிற கழி. எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அப்போதுதான் மிருகத்தின் கழுத்துக்குப் பக்கத்தில், கட்டை விரல் உயரத்துக்கு, இன்னொரு ஆளைப் பார்த்தேன். அவன் கையில் வாள் இல்லை. இரண்டு கையாலும் எதையோ பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.

“இவன் யாரும்மா?”

“அவன் வண்டிக்காரன்.” பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. முருகேசன். லுங்கி, தோளில் துண்டு, ராத்திரி முழுக்க ஓட்டிவந்த கண்கள். “மிருகத்தோட கழுத்தத் திருகறான்னு ஆயா சொல்லும். நீங்கதான் மலேசியாக்காரரா?”

எழுந்து கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை.

“சார், எங்கப்பா தன் அப்பன் மொகத்தப் பாத்ததில்ல. சாவறவரைக்கும் இந்தக் கல்லப் பாத்துதான் அப்பான்னாரு. உங்க தாத்தா ஒழுங்கா வண்டி ஓட்டியிருந்தா இந்தக் கல்லு எதுக்கு?”

கல்லைக் காட்டினேன். “தம்பி, பழைய டிராம்ல டிரைவர் நின்னுக்கிட்டுதான் ஓட்டுவாரு. பக்கத்துல கைப்பிரேக், சுத்துற மாதிரி ஒரு சக்கரம். இந்த ஆளு கையப் பாருங்க. கழுத்தத் திருகல. பிரேக்கச் சுத்தறாரு.”

முருகேசன் குனிந்து பார்த்தார். நானும் மறுபடி பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்தது. அது பிரேக்காகவும் இருக்கலாம், கழுத்தாகவும் இருக்கலாம். உளி கொஞ்சம் வழுக்கியதாகவும் இருக்கலாம். பிரேக்குக்காரனுக்கு எங்கே பார்த்தாலும் பிரேக்தான்.

“சுத்துனாருன்னே இருக்கட்டும். நின்னுதா?”

“நிக்கல.”

முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “தொப்பூர் இறக்கத்துல எனக்கு ஒரு தடவ பிரேக் போச்சு. மிதிக்கறேன், மிதிக்கறேன், கால் கீழ போவுதே தவிர ஒண்ணும் புடிக்கல. மண்ணு மேட்டுல ஏத்தி நிறுத்துனேன். மேடு இருந்துச்சு, நிறுத்துனேன்.” பிறகு தலையை உதறிக்கொண்டார். “அது வேற, இது வேற. நான் சொல்லக்கூடாது. பூ கேப்போம். அவுரு சொல்லட்டும்.”

ஒரு சாமந்திப் பூவைக் கல்லின் உச்சியில் வைத்தார். வலது பக்கம் விழுந்தால் தாத்தா வரிசையில் சேரலாம். இடது பக்கம் விழுந்தால் வந்த வழியே நான் போக வேண்டும்.

நின்றோம். பூ அசையவில்லை. நான் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினேன். ஒரு சரக்கு லாரி புழுதி கிளப்பிப் போனது, பூ அசையவில்லை. புது ஸ்கூட்டருக்குப் பூஜை போட வந்த புருஷன் பெண்டாட்டி ஓரமாக நின்று அவர்களும் பார்க்கத் தொடங்கினார்கள். “என்னா கேக்கறாங்க?” என்றாள் பெண்டாட்டி. “தெரில, ஏதோ பெரிய மேட்டரு. சும்மா இரு” என்றான் புருஷன். எங்கள் ஊரில் இத்தனை நேரம் ஒரு பதிலுக்குக் காத்திருந்தால் புகார் எழுதிப் போட்டிருப்பார்கள். எனக்கு ஊதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அம்மா முகம் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மாதம்மாள் எங்களைப் பார்க்கவே இல்லை. அவர் பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். வேடியப்பனுக்கு நேராக ஒரு பெரிய தலைவாழை இலை; பொங்கல், பழம், அவரைக்காய்ப் பொரியல். அதற்குப் பிறகு இடது பக்கமாக, கல்லில் சக்கரம் செதுக்கிய இடத்துக்கு நேர் கீழே, ஒரு சின்ன இலை. அதிலும் ஒரு கரண்டிப் பொங்கல்.

“அது யாருக்கும்மா?”

“வண்டிக்காரனுக்கு.”

நான் அந்தச் சின்ன இலைக்குப் பக்கத்தில் குனிந்தேன். “எப்பத்திலிருந்து?”

“கல்லு நட்டதுலேருந்து.”

முருகேசன் குறுக்கே பாய்ந்தார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது மரியாதைக்கு வெக்கறது இல்ல. புலி அடிச்சு செத்தவங்க கல்லுக்குப் படைச்சா புலிக்கும் ஒரு உருண்ட வெப்பாங்க. இல்லன்னா பசியோட திரும்பி வருமாம். அந்தப் பயத்துல வெக்கறது.”

தாத்தாவுக்கு ஒரு இலை என்று துள்ளிய மனசு, புலிக்கு வைப்பது என்றதும் அப்படியே உட்கார்ந்தது. நியாயம்தானே என்றும் பட்டது. கொன்ற புலிக்கும் கவிழ்த்த வண்டிக்காரனுக்கும் அவர்களுக்கு என்ன வித்தியாசம்?

மாதம்மாள் கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு முருகேசன் பக்கம் நிமிர்ந்தார். “அண்ணா, புலிக்கு வெக்கிற உருண்டையில உப்பு போடுவாங்களா?”

முருகேசன் விழித்தார்.

“சொல்லு. போடுவாங்களா?”

“போட மாட்டாங்க.”

“புலிக்கு, பேய்க்கு, பிசாசுக்கு உப்பில்லாமதான் வெப்பாங்க. உப்பு போட்டா அது மனுசன் சோறு. இந்த எலைக்கு வெக்கிற பொங்கல்ல ஆயா உப்பு போட்டுதான் வெச்சுது. அம்மாவும் போட்டுச்சு. எனக்குச் சொல்லிக் குடுத்ததே, ‘ரெண்டு எலைக்கும் ஒரே பானையிலதான் எடுக்கணும், தனியா வடிக்கக் கூடாது’ன்னுதான். உனக்கென்னா தெரியும், நீ தேங்கா ஒடைக்க வருவ, ஒடைச்சுட்டுப் போவ.”

ஸ்கூட்டர்காரப் பெண்டாட்டி, “அதானே” என்றாள். புருஷன் அவள் கையைக் கிள்ளினான்.

“அப்படின்னா ஆயாவுக்கு…” என்று தொடங்கினார் முருகேசன்.

“ஆயா என்னா நெனச்சுதோ எனக்குத் தெரியாது. ஆனா பந்தியில உக்கார வெச்சு, எல போட்டு, உப்பு போட்ட சோத்தையும் போட்டாச்சு. இத்தன வருசம் கழிச்சு, ‘நீ இந்த வரிசையில உக்காராத, எழுந்து போ’ன்னு சொல்லுவியா நீ? நம்ம வூட்டுல அப்பிடி யாரையாச்சும் எழுப்பியிருக்கமா?”

இந்தப் பக்கத்து மனிதர்களை நான் மூன்று நாள்தான் பார்த்தவன். ஆனால் இலை போட்டு உட்கார வைத்தவனை எழுப்புவது இவர்களுக்கு எப்பேர்ப்பட்ட சொல் என்று முருகேசன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிரேக்கைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவர் காதோடு நின்றது. இதுதான் உள்ளே போனது.

அவர் கல்லைப் பார்த்தார். உச்சியில் பூ இன்னும் அப்படியே இருந்தது. கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“சந்தனத்த அள்ளி அப்பியிருக்க நீ. அதான் ஒட்டிக்கிச்சு, எப்பிடி வுழும்?” என்று தங்கையைத் திட்டினார். திட்டிக்கொண்டே பூவைப் பிய்த்து எடுத்து, கல்லின் வலது பக்கமாக விட்டார். தரையில் விழுகிறவரை எல்லோரும் அதைப் பார்த்தோம்.

“வுழுந்துடுச்சு” என்றார் முருகேசன், யாரையும் பார்க்காமல்.

கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து முடிந்தது. பெரிய இலையை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்கூட்டர்காரர்களுக்கும் கையில் கொஞ்சம் கிடைத்தது. சின்ன இலையை யாரும் தொடவில்லை.

“இத எங்க வூட்டு ஆளுங்க தின்ன மாட்டோம்ணா. வழியில போற வெளியூர்க்காரங்களுக்குக் குடுப்போம். யாரும் வரலன்னா காக்காவுக்கு” என்று மாதம்மாள் அதை இரண்டு கையாலும் தூக்கினார். “இன்னிக்கு நீங்க இருக்கீங்க.”

புளியமரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் வலது கால் மடங்கி, அசையாமல் இருந்தது.

முருகேசன் வந்து எதிரே குந்தினார். சொம்பில் தண்ணீர் வைத்தார். நான் முதல் கவளத்தை வாயில் போடுகிறவரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

“உப்பு இருக்குதுங்களாண்ணா?”

உப்பைப் பற்றி எனக்கு ஒரு கூடை பழமொழி தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை.

“இருக்கு” என்றேன். சரியாக இருந்தது.